விதிப்படி ஓடிய கார்

ஒரகடம் சாலையில் ஓட்டுநரில்லாத கார் மோதி எபநேசருக்கு ஒரு கால் போனது. விசாரணையின் முடிவைச் சொல்ல, அந்தக் காரை ஓட்டும் கணினி மூளைகளை வடிவமைத்த மதுவந்தியே மருத்துவமனைக்கு வந்தாள்.

"கார் என்னைப் பார்க்கலையாம்மா?" என்று கேட்டார் எபநேசர்.

"பார்த்துச்சுங்க. பார்க்குற மூளை, பிரேக் போடுற மூளைகிட்ட சொல்லவும் செஞ்சுது. ஆனா கண் சிமிட்டுற நேரம் லேட்டாயிடுச்சு. லேட்டா வர்ற தகவலை எடுத்துக்கக் கூடாதுன்னு ஒரு விதி இருக்கு."

"யார் போட்ட விதி?" என்றாள் அவர் மனைவி லில்லி.

"நான்தாங்க போட்டேன்."

"அப்ப அதை மாத்துங்க!"

"மாத்திப் பார்த்தேங்க. ஒரு மூளைக்காக இன்னொண்ணு காத்திருந்து எல்லாமே திணறுது. இன்னும் நிறைய பேர் அடிபடுவாங்க."

எபநேசர் போர்வையைக் கால் இல்லாத பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "அப்ப மாத்தாதீங்கம்மா," என்றார்.

இந்தச் சம்மதத்தை வாங்கத்தான் வந்தோமோ என்று மதுவந்திக்கு வெட்கமாக இருந்தது.

லில்லி எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். "அவர் நல்லவரு, சொல்லிட்டாரு. நான் சொல்லல. நீங்க கிளம்புங்க."