தண்ணி மில்

மூட்டைகளுக்குப் பின்னால் கையை விட்டு, ஜீவானந்தம் ஸ்விட்சைப் போட்டான். அப்புறம் வெளியே வந்து, வித்யாஸ்ரீயின் கண்ணெதிரே மதகைத் தூக்கினான்.

ஓடைத் தண்ணீர் விழ, மரச்சக்கரம் முனகிக்கொண்டே சுற்றியது. உள்ளே பல்சக்கரங்கள் கடகடத்தன. அந்த இரைச்சலில் மோட்டார் சத்தம் வெளியே கேட்காது.

"அட, நிஜமாவே சுத்துதே!" என்று கைதட்டினாள் வித்யாஸ்ரீ. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் குழுவிலிருந்து வந்திருந்தாள். தண்ணீரில் ஓடுகிறது என்று அவள் சொன்னால் மில் பிழைக்கும். இல்லாவிட்டால் இடித்துவிட்டு ரிசார்ட். ஜீவானந்தமும் அவன் மனைவி ஆத்தாயியும் மலையிறங்கி வேறு பிழைப்புப் பார்க்க வேண்டியதுதான்.

ஓடை வற்றத் தொடங்கியதிலிருந்து, தரைப் பலகைக்கு அடியில் இருக்கும் மோட்டார்தான் பெல்ட் வழியாகச் சக்கரத்தை இழுக்கிறது. ராத்திரி மேலே நல்ல மழை. ஆனால் ஒரு மழையை நம்பி வாழ்க்கையைப் பணயம் வைக்க முடியுமா?

அரவைக் கல் இருந்த அறை இருட்டாக இருந்தது. செல்போன் வெளிச்சத்தில் வித்யாஸ்ரீ ராகி மாவை அள்ளி முகர்ந்தாள்.

"போற இடத்துல எல்லாம் மோட்டாரை ஒளிச்சு வெச்சுட்டு, தண்ணியில ஓடுதுன்னு கதை விடுவாங்கண்ணா. பலகையைத் தூக்கிப் பார்த்துத் திட்டிட்டு வருவேன்."

"இங்க... பாக்கலீங்களா?"

"உங்க மூஞ்சிய பார்த்தா போதாதா? பொய் சொல்ற மூஞ்சியா இது?"

அவள் சிரித்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

"இந்த மூஞ்சிய நம்பாதீங்க மேடம்" என்று குனிந்து பலகையைத் தூக்கினான்.

கீழே மோட்டாரில் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது.

"சிரிச்சுப் பேசினதுக்கு நல்லா செஞ்சீங்க" என்றாள். அவ்வளவுதான். ஜீப் வளைவில் இறங்கி மறைந்தது.

வீட்டிலிருந்து ஆத்தாயி ஓடி வந்தாள். "ஏனுங்க, அந்தம்மா காப்பிகூடக் குடிக்காமப் போகுது?"

"மோட்டார்லதான் ஓடுதுன்னு சொல்லிட்டேன். மனசு கேக்கல ஆத்தாயி."

ஆத்தாயி சுற்றுகிற சக்கரத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"காத்தால இருந்தே கரண்ட் இல்லீங்களே."