சாதாப் பறவை

"ஜட்ஜுக்குக் கண்ணு போயிடுச்சுப்பா!"

பறவைக் குழுவில் யாரோ போட்ட இந்த ஒரு வரிக்குக் கீழே, சிரிக்கிற முகங்கள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன.

ஜட்ஜ் என்றால் நிஜ ஜட்ஜ் இல்லை. கோர்ட்டில் டைப் அடித்து ஓய்வு பெற்றவர். ஆனால் கரையோரப் பறவைப் படம் எது வந்தாலும், இது இன்னது என்று அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அப்படி வந்த பேர்.

அந்தப் பேருக்குத்தான் இன்று காலையில் ஆபத்து.

குழுவில் இருக்கிற பல் டாக்டர், புது கேமராவில் எடுத்த படம் ஒன்றைப் போட்டிருந்தார். வெறும் மணல். நடுவில் ஒரு சின்னப் பறவை.

"தடிமூக்கு உப்புக்கொத்திதானே சார்? இந்தப் பக்கம் வந்தே எத்தனையோ வருஷம் ஆச்சாமே! என் போனும் அதைத்தான் சொல்லுது. நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா, ஞாயித்துக்கிழமை வேன் பிடிச்சு எல்லாருமா கிளம்பிடுவோம்."

ஜட்ஜ் பதில் போட்டார். "இல்லை. சாதா உப்புக்கொத்தி. மூக்கு தடிச்சுத் தெரியறது நிழல்."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள்.

"நிழலாம்ல!"

"சாருக்கு ரெண்டாவது தடவையா ஓய்வு கொடுத்துடலாம்."

"இனிமே போன்கிட்டயே கேட்டுக்குவோம்."

ஜட்ஜின் மனைவி போனை அவர் கையிலிருந்து பிடுங்கிப் படத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, இதுவா நிழல்? நிழல் ஒரு பக்கம் விழும். மூக்குக்கு ரெண்டு பக்கமுமா விழும்? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூட நானே சொல்வேனே, தடிமூக்குன்னு!"

சொல்வாள்தான். அந்தக் காலத்தில் படமெல்லாம் தபாலில் வரும். கவரைக் கிழிக்காமல் பிரிப்பது அவள் வேலை. பூதக்கண்ணாடியை ஆடாமல் பிடிப்பதும் அவள்தான். மூக்கையும் காலையும் அளப்பது அவர். காபி ஆறி ஆடை கட்டிக் கிடக்கும். கால் பச்சையா மஞ்சளா என்று இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

"கல்யாணமான புதுசுல, புதுப் புடவையோட என்னை மணல்ல குப்புறப் படுக்க வெச்சுக் காட்டினீங்களே! இதே பறவை, இதே கரை. மறந்து போச்சா?"

"நீ தும்மினே. அது பறந்துடுச்சு."

"நான் ஒண்ணும் தும்மல. மூக்குல மணல் ஏறிச்சு."

"அதுக்குப் பேருதான் தும்மல்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே கோபமும் வந்தது.

"எல்லாம் ஞாபகம் இருக்கு, இல்ல? அப்புறம் ஏங்க இப்படி? தப்பாச் சொல்லிட்டேன்னு ஒரு வரி போட்டுடுங்க. கண்டவனும் சிரிக்கிறான். நாம சேர்த்து வெச்சது இந்த ஒரு நல்ல பேருதான். அதையும் தொலைக்கணுமா?"

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து, கைப்பிடியில் நூல் சுற்றிய அந்தப் பழைய பூதக்கண்ணாடியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"இது எதுக்கு? போன்லயே பெரிசு பண்ணிப் பார்க்கலாமே?"

"நமக்கு இதுதான் பழக்கம். மூக்கைப் பார்த்தது போதும். காலடியைப் பாரு."

பார்த்தாள். "என்ன, கூழாங்கல்லு கிடக்கு."

"அந்தக் கரையில என்னிக்காவது கல்லு பார்த்திருக்கியா?"

மறுபடியும் குனிந்தாள். கண்ணாடியைப் படத்துக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.

போன் அடித்தது. பல் டாக்டர்தான். அவளே எடுத்தாள்.

"அம்மாவா? நீங்களே எடுத்தது நல்லதாப் போச்சு. சார் என்னமோ நிழல்ங்கிறார். நீங்க சொல்லுங்க. வலிக்குதான்னு நான் கேட்டதும் வெளியில உட்கார்ந்திருக்கிறவங்க எழுந்து ஓடுற மாதிரி உண்மையைச் சொல்ற ஒரே ஆள் நீங்கதான். அது என்ன பறவை?"

ஜட்ஜ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாதாதான் தம்பி," என்றாள் அவள். "நானும் கண்ணாடி வெச்சுப் பார்த்துட்டேன். இதைப் பார்க்கப் போயி வேன் வேற எதுக்கு?"

"அப்படியாம்மா..." டாக்டரின் குரல் காற்று இறங்கிப் போனது. "நீங்களே சொன்னப்புறம் என்ன? சரி, ஞாயித்துக்கிழமை யாரும் வர வேண்டாம்னு சொல்லிடறேன்."

போனைக் கீழே வைத்தாள்.

"பாவம், நல்ல பிள்ளை. அவனுக்கு மட்டுமாவது காதோட சொல்லி வெச்சிருக்கலாம்."

"பல்லைப் பிடுங்கும்போதே ஊர்க்கதை முழுசும் சொல்றவன். அவன் வாயில யாரு பஞ்சு வைக்கிறது?"

"அது சரி. உங்க பேரை எப்போ மீட்கப் போறீங்க?"

"அந்தப் பறவை வந்த வேலை முடியட்டும். அப்புறம் நானே எழுதறேன், தப்பு என்னுதுதான்னு. சிரிக்கிறவங்க இன்னொரு தடவை சிரிச்சுட்டுப் போகட்டும்."

அவள் பூதக்கண்ணாடியை மறுபடி எடுத்துக்கொண்டாள். இந்த முறை அவர் போனைப் பிடித்துக்கொண்டார். காபி ஆறிக்கொண்டிருந்தது.

"எத்தனைன்னு எண்ணினீங்க?"

"மூணு. ஏன்?"

"வயித்துக்கு அடியில பாதி மறைஞ்சு நாலாவது முட்டை ஒண்ணு இருக்கு பாருங்க. அவங்க சொல்றது சரிதான். உங்களுக்கு நிஜமாவே கண்ணு போயிடுச்சு!"