வெள்ளச்சியின் உறுமல்

வாவிக்கரை மருத மரத்தடியில், நாய்களுக்குக் கருத்தடை செய்யும் வாகனம் நிற்கிறது. மணல் மூட்டை இறக்கிய களைப்போடு நாங்களும் பார்த்து நிற்கிறோம். டெட்டோல் மணத்தோடு மீன் வாடையும் காற்றில் வருகிறது. கிரான் வட்டை வயல்களில் இரவு வேளாண்மைக் காவல் இருக்கும் வினாயகமூர்த்தி, தன் நாய் வெள்ளச்சியை மடியில் அணைத்தபடி குந்தியிருக்கிறார். குரைக்கிற நாய் யானையை ஆள்மேல் திருப்பிவிடும். இவள் குரைப்பதில்லை, யானை வந்தால் காதருகே வந்து மெல்ல உறுமி அவரை எழுப்புவாள். “இவள்ற வயித்தில ஒரு குட்டி எனக்கு வேணும் மகள். இவளுக்குப் பிறகு என்னை ஆரு எழுப்புற?” மருத்துவர் சர்மிலா கையுறையைக் கழற்றுகிறார். “கட்டாயச் சட்டம் இன்னும் வரல்ல ஐயா. விருப்பமில்லாட்டிக் கூட்டிப் போங்க.” மணல் தோணியிலிருந்து எங்கள் ஜசிந்தன் கத்துகிறான்: “சட்டம் வந்தா முதல்ல அண்ணனத்தான் பிடிப்பாங்க, ஏழு பிள்ளையல்லோ!” எல்லோரும் சிரிக்கிறோம். வினாயகமூர்த்தியின் மனைவி அன்னப்பூரணி சிரிக்கவில்லை. “போன முறை பெட்டைக் குட்டிகள மீன் சந்தையில விட்டீங்க. தலையும் குடலும் திண்டு பிழைக்கும் எண்டீங்க. பிறகு ஒருக்காப் போய்ப் பாத்தீங்களா?” சிரிப்பு நின்றுவிடுகிறது. சந்தைக் கூரைக்கு மேலே காகங்கள் சுற்றுகின்றன. அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் எழுந்து, வெள்ளச்சியைத் தூக்கி மேசையில் கிடத்துகிறார். வெயிலில் ஊசி மினுங்குகிறது. அவர் காதருகே முகத்தைக் கொண்டுவந்து அவள் மெல்ல உறுமுகிறாள். “யானை இல்லடி,” என்கிறார். “நான்தான்.”