பிஷப் கூவ வேண்டும்

"கூவுடா பிஷப், கூவு. மூணே மூணு கோடுதான் பின்னாடி இருக்கோம்."

காஸ்டன் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு பல்லைக் கடித்தார். கயிற்றைத் தாண்டி யாரும் கால் வைக்கக் கூடாது, கூண்டைத் தொடக் கூடாது. ஊர் பீர்க்கடைக்குப் பின்னாலிருந்த புல்வெளியில் சேவல் கூண்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு கூண்டுக்கும் எதிரே ஒரு ஆள் பலகையும் சாக்பீஸுமாக உட்கார்ந்திருந்தார். ஒரு கூவலுக்கு ஒரு கோடு. ஒரு மணி நேரத்தில் எந்தச் சேவலுக்குக் கோடு அதிகமோ, அது ஜெயித்ததாகக் கணக்கு.

"எனக்குப் பயமா இருக்கு காஸ்டன்," என்றாள் ஒடெட். பிஷப் அவளுடைய சேவல்தான். ஆனால் அவளைப் போட்டிக்கு வர வைத்ததே காஸ்டன்தான். வசந்தம் தொடங்கியதிலிருந்து கோழி வளர்க்கிறவர்களிடம் ஒருத்தர் பாக்கியில்லாமல் யோசனை கேட்டு, அத்தனையையும் அவளிடம் கொண்டுவந்து ஒப்பித்தார். போட்டிக்கு முன்னால் கூண்டைத் துணி போட்டு மூடச் சொன்னார். பெட்டைகளைக் கண்ணிலேயே காட்டக் கூடாது என்றார். சணல் விதை தின்றால் நன்றாகக் கூவும் என்று அதைக்கூட அவரே வாங்கி வந்தார்.

"பயப்படாதீங்க. இவன் கூவுற மாதிரி இந்த ஜில்லாவுலயே எவனும் கூவ மாட்டான். அங்க பாருங்க, ஹூபெர்ட் வந்துட்டார்."

ஹூபெர்ட் நாட்டின் அந்தக் கோடியில், லிம்பர்க்கில், பெரிய சேவல் பண்ணை வைத்திருப்பவர். இந்தப் போட்டியில் ஜெயிக்கிற சேவலை எப்போதும் அவர்தான் வாங்கிப் போவார். தோற்றதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். போகிற சேவலுக்கு அங்கே ராஜ வாழ்க்கை. பிஷப் அவருடைய வண்டியில் ஏறிப் போகிற காட்சியைக் காஸ்டன் கனவில்கூடப் பார்த்திருந்தார்.

"நல்ல இடமா இருந்தா குடுத்துடலாம்னு சொன்னீங்க இல்ல?" என்று காஸ்டன் ஒடெட்டிடம் கேட்டார்.

"ஆமா, சொன்னேன். முதல்ல ஜெயிக்கட்டும்."

பிஷப் கழுத்தை நீட்டினான். இடது கண்ணை மூடினான்.

"இதோ, இப்ப," என்றார் காஸ்டன்.

கூவினான். ஒரு கோடு.

"எப்படி இவ்வளவு கரெக்டா சொல்றீங்க?" என்று ஒடெட் வியந்தாள்.

அவர் பதில் சொல்வதற்குள் சூரியனை மேகம் மறைத்தது. பிஷப் சிலிர்த்துக்கொண்டு, உட்கார்ந்தே விட்டான். பக்கத்துக் கூண்டில் நோயலின் கறுப்புச் சேவல் விடாமல் கூவித் தள்ளியது.

"என்ன காஸ்டன், உங்க பிஷப் இன்னைக்கு மௌன விரதமா?" நோயல் வயிறு குலுங்கச் சிரித்தார். "பூசைக்கு நேரமாச்சு, எழுப்பிவிடுங்க."

"அவன் மூச்சு வாங்கிக்கிறான். உங்களுது முடிஞ்சதும் ஆரம்பிப்பான்."

"என்னுது முடியுறப்ப போட்டியே முடிஞ்சிருக்கும்."

காஸ்டன் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிடம்தான் இருந்தது. ஒடெட் கண்ணை மூடிக்கொண்டாள். "போகட்டும் விடுங்க. வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடறேன்."

"வேணாம். அப்படிச் சொல்லாதீங்க."

சட்டென்று அவருக்கு ஒன்று தோன்றியது. விறுவிறுவென்று நடந்து, கயிற்றோரம் கிடந்த மேசைகளிலிருந்து காலி பீர் பாட்டில்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றாகப் பீர்ப் பெட்டிக்குள் போட ஆரம்பித்தார். ணங். ணங்.

பிஷப் துள்ளி எழுந்தான். கூவினான். இன்னொரு பாட்டில் விழுந்தது. மறுபடி கூவினான். நோயலின் சேவல் மிரண்டு மூலையில் ஒண்டிக்கொண்டது.

"யோவ், என்ன பண்றீங்க?" நோயல் பாய்ந்து வந்தார்.

"மேசை ஒரே குப்பையா இருக்கு. எடுத்து வைக்கிறேன். கூடாதுன்னு விதி இருக்கா?"

நடுவர் உதட்டைப் பிதுக்கினார். அப்படி விதி இல்லை. கூட்டம் சிரித்தது. யாரோ குடித்துக்கொண்டிருந்த பீரை ஒரே மடக்கில் காலி செய்து பாட்டிலை நீட்டினார். "இந்தாங்க காஸ்டன், இதையும் போடுங்க." ணங். கோடு. ணங். கோடு.

"ஞாயித்துக்கிழமை வீட்டுல நான் காலி பாட்டில் எடுத்துப் போடறப்ப இவன் கத்துவான்னு எனக்கே இப்பதான் உறைக்குது. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று ஒடெட் கத்தினாள்.

"காது இருக்கே," என்றார் காஸ்டன், அடுத்த பாட்டிலைத் தேடிக்கொண்டே.

விசில் ஒலித்தது. பலகைகள் மேசைக்குப் போயின. கோடுகளை இரண்டு முறை எண்ணினார்கள். நடுவர் எழுந்து, "ஒரு கோடு வித்தியாசத்தில் பிஷப்," என்றார்.

காஸ்டன் ஒடெட்டைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நோயல்கூட வந்து கையைக் கொடுத்தார். "சொந்தப் பிள்ளை பரீட்சையில தேறினா மாதிரி அழறாரே மனுஷன்."

ஹூபெர்ட் சேவலை ஏற்ற ஒரு பெட்டியோடு வந்து நின்றார். "என்ன விலை சொன்னாலும் சரி. இப்பவே ஏத்திக்கிறேன்."

"குடுத்துடுங்க ஒடெட்," என்றார் காஸ்டன், மூச்சு வாங்க.

ஒடெட் கூண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கோங்க ஹூபெர்ட். விக்கறதாத்தான் இருந்தேன். ஆனா இந்த மனுஷன் இவன் மேல வச்சிருக்கிற பாசத்தைப் பார்த்தப்புறம் எப்படி விக்கறது?"

காஸ்டன் ஹூபெர்ட்டின் பெட்டியைப் பிடித்து நிறுத்தினார்.

"இவனோட குஞ்சுங்க அஞ்சும் சேவல்தான் காஸ்டன். யாருக்காவது தள்ளிவிடலாம்னு இருந்தேன். இனிமே அத்தனையையும் நானே வளர்க்கப் போறேன், பெரிய கூண்டா கட்டி, அதே இடத்துல, உங்க படுக்கையறை ஜன்னலுக்குக் கீழேயே. வருஷம் பூரா விடியறதுக்கு முன்னாடி இவன் கத்தினதுக்கு ஒரு வார்த்தை குறை சொல்லாத பக்கத்து வீட்டுக்காரர் வேற யாருக்குக் கிடைப்பாங்க?"