ஸே ரியான்

கரிசல் காட்டுக்குள் ஏதோ ஒரு கம்பெனியில் புது வெடியைச் சோதித்துப் பார்க்கிறார்கள். சத்தத்தில் ஜன்னல் கம்பி அதிர்கிறது. முற்றத்து வெயிலில் காலி அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் குழந்தை அப்ரின் வீறிட்டு அழுகிறாள். மீன் கழுவிக்கொண்டிருந்த மஹ்ரீன் போட்டது போட்டபடி ஓடி வருகிறாள். பாரிஸில் பிறந்து வளர்ந்து ஏழாயிரம்பண்ணைக்கு மருமகளாக வந்தவள். இரண்டு பாஷை பேசினால் பிள்ளைக்குப் பேச்சு வராது என்று சொந்தக்காரர்கள் சொன்னதிலிருந்து மகளிடம் பிரெஞ்சையே விட்டுவிட்டவள். அவள் வருவதற்குள் மாமனார் சம்சு பேத்தியை வாரித் தோளில் போட்டுக்கொள்கிறார். பட்டாசுப் பெட்டி கட்டிக் காய்த்துப்போன கை முதுகை மெல்லத் தட்டுகிறது. "ஸே ரியான், ஸே ரியான்." ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று மஹ்ரீன் முன்பெல்லாம் மகளைத் தேற்றிய அதே பிரெஞ்சு. அவள் நிலைப்படியிலேயே நின்றுவிடுகிறாள். ஈர விரல்களில் மீன் செதில் மினுங்குகிறது. சம்சு பேத்தியோடு அவள் அருகில் வருகிறார். "என்னம்மா பாக்க? தமிழ் பேச இந்தத் தெருவே கெடக்கு. ஒன் பேச்சப் பேச இவளுக்கு ஒன்ன விட்டா யாரு இருக்கா? ஊருக்குப் பயந்து அத விட்றாத." மஹ்ரீனுக்குக் கண் நிறைந்து வழிகிறது. மீன் கையால் துடைக்கவும் முடியவில்லை. அழுகையை நிறுத்திய அப்ரின் தோளிலிருந்து எட்டி, அம்மாவின் கன்னத்தைத் தட்டுகிறாள். "ஸே ரியான், மமான்."