படுத்த படுக்கையாக ஒரு மாஜி

"கட்டில வெளிய தள்ளணும். இந்த ரூம் வேணும்."

பூமாலைக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. கட்டிலில் அவள் புருஷன் பிச்சைமுத்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தான். அந்த ஆஸ்பத்திரியில் சுவரோடு ஆக்சிஜன் குழாய் வைத்த ரூம் அது ஒன்றுதான்.

"எதுக்குத் தள்ளணும்? நாங்க இன்னா தப்பு பண்ணோம்?"

"மாஜி மத்திய மந்திரிக்கு நெஞ்சு வலியாம். போலீஸ் கூட்டிக்கினு வருது. மேலேர்ந்து உத்தரவு" என்றாள் நர்ஸ் இசபெல்லா. பூமாலையின் முகத்தைப் பார்க்கவில்லை. குழாயைக் கழற்றி ஒரு சிலிண்டரில் மாட்டினாள். கட்டில் வராந்தாவுக்கு வந்துவிட்டது.

அந்த மாஜியை மலையில் தெரியாதவர் கிடையாது. கல்வராயன் மலை ஊர்களுக்கு ரோடு போட டெல்லியிலிருந்து வந்த பணத்தை அப்படியே விழுங்கியவர். பத்து வருஷம் இழுத்தடித்து, இப்போதுதான் கைது செய்திருந்தார்கள். மலையில் அவருக்கிருந்த பங்களாவைச் சோதனை போடும்போது அவரையும் அழைத்து வந்தார்கள். பீரோவைத் திறக்கச் சொன்னதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்தது அடிவாரத்து அரசு ஆஸ்பத்திரிதான்.

ரோடு இல்லாததால் பிச்சைமுத்துவை டோலி கட்டி ஒன்பது கிலோமீட்டர் தூக்கி வந்தார்கள். கரியாலூர் வந்த பிறகுதான் வண்டி என்று ஒன்று கண்ணில் பட்டது.

மறுநாள் காலையில் மாஜி வராந்தாவில் உலாத்தினார். காவலுக்கு வந்த போலீஸ்காரர்கள் செல்போனில் மூழ்கியிருந்தார்கள். பூமாலையைக் கண்டதும் ஓட்டுக் கேட்ட பழக்கத்தில் மாஜியின் கை தானாகக் கும்பிட்டது.

"எந்த ஊரும்மா?"

சொன்னாள்.

"அட, நாம ரோடு போட்டுக் குடுத்த ஊரு!"

"ரோடா? இவர டோலியில தூக்கியாந்தோம்."

மாஜி காது கேட்காதவர் மாதிரி நடையைக் கட்டினார். பின்னாலேயே இசபெல்லா போனாள்.

"ஐயா, டிபன் ஆச்சுங்களா?"

"சங்கராபுரத்துலேர்ந்து நம்ம பசங்க நெய் தோசை கொண்டாந்தானுங்க. நாலு உள்ள போச்சு."

"நல்லா சாப்டுங்கய்யா. மாடிக்கும் போனீங்களாமே? மூச்சு வாங்கலியே?"

"எனக்கா? ரெண்டு தரம் ஏறி எறங்கினேன். எவ்ளோ நடந்த காலு இது!"

இசபெல்லா சிரித்தாள்.

மூன்று நாளும் இதே கூத்து. ராத்திரி நல்லா தூங்கினீங்களா, கறிக்குழம்பு புடிச்சுதா, வலி ஏதாவது இருக்குதா என்று அவரிடம் ஓயாத விசாரிப்பு. இங்கே வந்தால் ஊசியைப் போட்டுவிட்டு வாயைத் திறக்காமல் போய்விடுவாள்.

பூமாலையால் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்தாள். எழுந்தால் சிலிண்டர் முள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தாள். பார்த்துவிட்டு வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தாள்.

நாலாம் நாள் மாஜியின் வக்கீல் வந்தார். கூடவே கோர்ட் உத்தரவோடு ஒரு சப்-இன்ஸ்பெக்டர்.

"தெனம் நீங்க எழுதற கேஸ் ஷீட்ட கோர்ட்டு கேட்டிருக்கு சிஸ்டர்" என்றார் வக்கீல். "தலைவரு படுத்த படுக்கையா கெடக்கறாரு, எழுந்து நிக்கவே முடியலன்னு ஜாமீன் மனுவுல போட்டிருக்கேன். டாக்டர்கிட்டயும் பேசியாச்சு. எல்லாம் சரியா இருக்குமில்ல?"

"எல்லாம் ஒழுங்கா எழுதியிருக்குங்க சார்."

சப்-இன்ஸ்பெக்டர் காகிதங்களை உறையில் போட்டு ஒட்டி எடுத்துக்கொண்டு போனார்.

பூமாலைக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"ஏம்மா, நீயும் ஒரு பொம்பளதானே? அந்த ஆளு எத்தினி தோச தின்னான்னு கேக்கறியே, எம் புருசன் ஒரு வாய் கஞ்சி குடிச்சானான்னு கேட்டியா? எங்க ரோட்டத் தின்னவனுக்குப் பொய் எழுதிக் குடுத்துட்டு நிக்கறியே, உங்க சாமிக்கே அடுக்குமா?"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. இசபெல்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சிலிண்டர் முள்ளைப் பார்த்துவிட்டு, ஸ்டோரிலிருந்து இன்னொரு சிலிண்டரை அவளே உருட்டிக்கொண்டு வந்து மாட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் மத்தியானம் ஜெயில் வேன் வந்து நின்றது. ஜாமீன் மனு தள்ளுபடி. உடனே ஜெயிலுக்குக் கொண்டுபோகச் சொல்லி உத்தரவு.

மாஜி ரூமை விட்டு வெளியே கால் வைத்ததுதான் தாமதம், இசபெல்லா பிச்சைமுத்துவின் கட்டிலைத் திருப்பினாள்.

"அந்தப் பக்கம் புடிங்கக்கா. சிலிண்டர் இனி அரை மணி நேரம்கூடத் தாங்காது."

ஒன்றும் புரியாமல் பூமாலை பிடித்தாள். சுவர்க் குழாயை மாட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் பிச்சைமுத்துவின் நெஞ்சு ஏறி இறங்குவது நிதானப்பட்டது. ஐந்து நாளில் முதல் தடவையாகப் பூமாலை தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

வாசலில் சத்தம். வேனில் ஏற மாட்டேன் என்று போலீஸ்காரர்களைத் தள்ளிவிட்டு மாஜி திரும்பி வந்துவிட்டார்.

"ஏம்மா, எம் பொண்ணு மாதிரி நெனச்சுத்தானே உங்கிட்ட பேசிக்கினு இருந்தேன்! கேஸ் ஷீட்டப் படிச்சுட்டு ஜட்ஜு சிரிச்சாராம்! அப்பிடி இன்னாத்த எழுதி வச்ச?"

இசபெல்லா கையைக் கட்டிக்கொண்டு பணிவாகச் சொன்னாள்:

"நானா ஒரு வார்த்தகூடச் சேக்கலீங்கய்யா. தெனமும் நீங்க சொன்னத, மணி போட்டு அப்பிடியே எழுதினேன்."