அடகில்லாத ஐந்நூறு

"அடகு வைக்க என்ன கொண்டுவந்தீங்க, முதலாளி?"

டோரின் வேண்டுமென்றேதான் கேட்டாள். கொழும்பு கொட்டாஞ்சேனையில் அடகுக்கடை வைத்திருந்த நாகேந்திரம் காலமெல்லாம் மற்றவர்களிடம் கேட்ட கேள்வி அது. எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்து, அகதி முகாமில் கிடந்து, இன்றைக்குத்தான் வெளியே வந்திருந்தார். நேரே அவளுடைய அப்பக்கடைக்கு வந்து ஐந்நூறு ரூபாய் கடன் கேட்டார்.

"ஒண்டுமில்லை தங்கச்சி. செட்டியார் தெருவில ஒரு கடை வாசல்ல, உரைகல்லோட இருந்து பொன் உரைச்சுப் பாக்க இடம் கிடைச்சிருக்கு. பின்னேரத்துக்குள்ள அட்வான்ஸ் குடுக்காட்டி வேற ஆளுக்குப் போயிடும்."

"அந்தப் பையில என்ன?"

"என்ர எண்டு சொல்ல அதில ஒண்டும் இல்லை." பையை மடியோடு சேர்த்துக்கொண்டார்.

டோரினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ர காப்பு ஞாபகம் இருக்கா? முதலும் வட்டியும் கட்டி முடிச்சிட்டுக் கையை நீட்டினனான். வெள்ளிக்கிழமை பொன்னை வெளியில விடமாட்டன், திங்கள் வா எண்டீங்க. திங்கள் கடையே இல்லை!"

"ஓம். என்ர பிழைதான்."

சொல்லும்போதும் மனுஷன் தலை குனியவில்லை. சட்டையில் இரண்டு பொத்தானைக் காணோம், மிடுக்கு மட்டும் அப்படியே இருந்தது. அதைப் பார்க்க அவளுக்குக் கோபத்தோடு கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. எங்கட கொட்டாஞ்சேனை ஆளல்லவா!

"முந்தி ஒருக்கா அம்மாட சங்கிலியை உங்களிட்ட விக்க வந்தனான். ரெண்டு பவுண் எண்டுதான் நான் சொன்னனான். நீங்க நிறுத்துப் பாத்திட்டு, இல்லை தங்கச்சி, ரெண்டேகால் எண்டீங்க. அந்தக் காசிலதான் இந்தக் கடையே போட்டனான்."

அப்பச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு, காசுத் தகரத்தைத் திறந்தாள். இருந்ததை வழித்தெடுத்து அவர் கையில் வைத்தாள்.

"எழுத்தும் வேண்டாம், அடகும் வேண்டாம். உங்கட வாக்குப் போதும்."

நாகேந்திரம் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகுதான் பையை அவிழ்த்தார். உள்ளே ஊர்ச் சனம் அடகு வைத்த நகையெல்லாம், பெயர் எழுதிய துணிப் பொட்டலங்களாக இருந்தன. கடை எரிந்த அன்று அவர் தூக்கிக்கொண்டு ஓடியது அதை மட்டும்தான். மேலே கிடந்த பொட்டலத்தைப் பிரித்து அவளிடம் நீட்டினார். அவளுடைய காப்பு.

"உங்களுக்கென்ன விசரா முதலாளி? இதை முதலே தந்திருந்தா, நான் பேசாமக் காசு தந்திருப்பனே!"

"அப்ப இது அடகாப் போயிருக்கும், தங்கச்சி."